இன்ஜின் சத்தத்தை யாரும் தேடமாட்டார்கள்

பெண்கள் விடுதி
13 ஏப்ரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த வருடம் நான் எழுதும் கடிதங்களில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்று நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சாட்சிக் கையெழுத்து, என் மேல்கட்டிலில் படுக்கும் சுஹாதா. ஆகவே உண்மையைச் சொல்கிறேன்: எனக்குச் சளி பிடித்திருக்கிறது, காய்ச்சல் இல்லை. நீங்களும் அம்மாவும் நலமா?

போன வெள்ளிக்கிழமை விடுதியின் பொதுத் தொலைபேசிக்கு இருபது நிமிடம் வரிசையில் நின்றேன். நீங்கள் "ஆங்? ஆங்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். லைன் மோசம் என்று அம்மா சொன்னார். அம்மா பேசியது எனக்குத் தெளிவாகத்தான் கேட்டது.

விஷயம் இதுதான். ஜூலையில் பள்ளிகளுக்கு இடையே விவாதப் போட்டி. நான் நம் பள்ளியின் முதல் பேச்சாளர். தலைப்பைக் கேட்டால் குதிப்பீர்கள்: 'மின்சாரக் கார்கள் வந்தபின் இன்ஜின் சத்தத்தை யாரும் தேடமாட்டார்கள்.' ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று சீட்டுக் குலுக்குவார்கள். எதிர்க்கும் பக்கம்தான் வேண்டும் என்று துஆ செய்துகொண்டிருக்கிறேன். உங்கள் மகள் வேறு எந்தப் பக்கம் பேசுவாள்?

ஞாயிறு காலைகளில் தஞ்சோங் கரையில் உங்கள் கார் நண்பர்கள் கூடுவதைப் பற்றி ஏற்கெனவே இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். நீங்கள் ஆற்றைப் பார்த்தபடி நிற்பீர்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு வண்டி வரும். திரும்பாமலே சொல்வீர்கள்: "அது சம்ரியோட வெள்ளை. சைலன்சர மாத்திட்டு நம்மகிட்டயே ஏமாத்துறான் லா." ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. பிறகு, நம் பச்சைக் காரில் இன்ஜின் எத்தனை சுற்று ஓடுகிறது என்று காட்டும் மீட்டர் மேல் நீங்கள் கறுப்பு நாடா ஒட்டியதையும் எழுதியிருக்கிறேன். "கியர் மாத்துறது காதோட வேலை, கண்ணு ரோட்டப் பாக்கட்டும்" என்று நீங்கள் சொன்னதோடு முடித்திருக்கிறேன். இன்னும் குறிப்புகள் வேண்டும். விரைவில் அனுப்புங்கள்.

உங்கள் துஆவை நாடும் மகள்,
மர்தியா


மூவார்
23 ஏப்ரல்

அன்பு மகள் மர்தியாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் இருவரும் நலம். உன் கடிதம் என் கவுன்டருக்கே வந்தது. தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவனுக்குக் கடிதம் வந்தால் அன்றைக்கு அவன்தான் ராஜா. எல்லோரிடமும் உறையைக் காட்டினேன். சளிக்குச் சுடுநீர் குடி, ஐஸ் போட்ட எதையும் தொடாதே.

குறிப்பு கேட்டிருந்தாய். எனக்கு வண்டியைக் கேட்கத் தெரியும், அதைப் பற்றிப் பேசத் தெரியாது. ஹெங்குக்கு எழுது. பட்டறையில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறான், பதில் போடுவான். அவன் எழுத்துப் பிழைகளுக்கு நான் பொறுப்பில்லை.

பச்சை இரண்டு வாரமாக அவனிடம்தான் ஓய்வெடுக்கிறது. சின்ன வேலை. அம்மா நேற்று மீன் புளிக்குழம்பு வைத்து, நீ இல்லாமல் இறங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே மூன்று துண்டு சாப்பிட்டாள்.

தொலைபேசிக்காக வரிசையில் நிற்காதே. கடிதமே போடு.

அன்புடன்,
அப்பா


பெண்கள் விடுதி
2 மே

அன்புள்ள அப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சளி போய்விட்டது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

சீட்டுக் குலுக்கினார்கள். எங்களுக்கு ஆதரிக்கும் பக்கம் விழுந்தது. அதாவது, யாரும் தேடமாட்டார்கள் என்று நான் பேச வேண்டும். நான் நம்பாததை எப்படிப் பேசுவது என்று ரொஹானா டீச்சரிடம் கேட்டேன். "நம்புறதப் பேசறதுக்கு எதுக்கும்மா மேடை? அத கேன்டீன்ல உக்காந்து பேசிக்கலாமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் குளியலறைக்குப் போய் அழுதேன், சுமார் நான்கு நிமிடம்.

இன்னொன்று. நேற்று அம்மாவிடம் தொலைபேசியில் பேசியபோது, "பச்சையோட இன்ஜின் போச்சு, விடு" என்றார். நீங்கள் சின்ன வேலை என்று எழுதியிருந்தீர்கள். இரண்டில் எது உண்மை? அங்கிள் ஹெங்குக்கும் எழுதியிருக்கிறேன்.

பணிவுடன்,
மர்தியா


மூவார்
14 மே

மர்தியா பாப்பா,

நான் நலம். என் இடுப்பு மட்டும் நலமில்லை. நீ நல்லா இருக்கணும். நான் பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு நின்றவன், பார்த்துப் படி.

நீ பேச வேண்டிய பக்கத்துக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. முப்பது வருஷமாக அந்தச் சத்தத்தில்தான் சோறு தின்கிறேன். நீ கேட்டதால் பச்சையைப் பற்றிச் சொல்கிறேன். உன் அப்பா சொல்லியிருப்பான் என்று நினைத்தேன்.

ரமலான் முடிந்த அடுத்த ஞாயிறு எல்லோரும் பைபாஸில் போனோம். அவன் முன்னால், நான் பின்னால். மூணாவது கியரில் இழுத்துக்கொண்டே போகிறான். நாலுக்கு மாற்றவில்லை. இன்ஜின் கத்துது. என் வண்டியில் கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கு, அப்படியும் எனக்குக் கேட்குது. ஹாரன் அடித்தேன், விளக்கு போட்டுக் காட்டினேன். மாற்றவே இல்லை. உள்ளே ராடு, அந்த இரும்புத் தண்டு, முறிந்து, இன்ஜின் கூட்டையே பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஓரம் கட்டி இறங்கி என்னிடம் என்ன கேட்டான் தெரியுமா? "ஏன் லா நின்னுச்சு?"

அதுக்கப்புறம் என் தங்கை மகன் புது மின்சாரக் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு போனான். அதில் ஒரு பொத்தான் இருக்கு. அமுக்கினால் ஸ்பீக்கரில் பொய் இன்ஜின் சத்தம் வரும், விமானம் மாதிரி. பையன் முழுசாகத் திருகி வைத்தான். எனக்குக் காது வலித்தது. உன் அப்பா சீட்டில் சாய்ந்துகொண்டு, "அடடா, எவ்ளோ அமைதி" என்றான். நான் பையனைப் பார்த்தேன். பையன் என்னைப் பார்த்தான்.

இதையெல்லாம் மேடையில் சொல்லாதே.

அங்கிள் ஹெங்


பெண்கள் விடுதி
18 மே

அன்புள்ள அப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமறிய ஆவல்.

தொலைபேசியில் "ஆங்? ஆங்?" என்றது, பைபாஸில் கியர் மாற்றாதது, மின்சாரக் காரில் அமைதி என்றது, மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பதினொரு வயதில் பெருநாளைக்கு மூங்கில் பீரங்கி வெடித்து உங்கள் இடது காது போனது எனக்குத் தெரியும். நான் கேட்பது வலது காதைப் பற்றி.

அப்பா, உங்களுக்குக் கேட்கிறதா?

மர்தியா


மூவார்
25 மே

மர்தியா,

அடுத்த வாரம் உனக்கு விடுமுறை. பேருந்து நிலையத்துக்கு நான் வருகிறேன். என் வலது பக்கமாக நின்று, முகத்தைப் பார்த்துப் பேசு. எல்லாம் சொல்கிறேன்.

அப்பா


பெண்கள் விடுதி
12 ஜூன்

அன்புள்ள அப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பத்திரமாக வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக் கொடுத்த பலகாரத்தை விடுதியில் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

வலது காது நரம்பில் கட்டி இருப்பதையும், அதை எடுத்தால் கேட்கும் சக்தி முழுவதுமாகப் போகும் என்பதையும், எடுக்காவிட்டால் அது மூளையை அழுத்தும் என்பதையும் நீங்கள் பேருந்து நிலையத்திலேயே சொன்னீர்கள். நான் அழாமல் கேட்டேன். வீட்டில் நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தபோதுதான் அழுதேன்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் சமையலறையில் பேசியதில் உங்கள் காதில் எவ்வளவு விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

அம்மா: "பாங், டாக்டர் ஜூலை எட்டுன்னு தேதி குடுத்தாரு. நீங்க அத ஆகஸ்ட் கடைசிக்கு மாத்திட்டு வந்து நிக்கிறீங்க. ஒரு காருக்காகவா?"

நீங்கள்: "ஜப்பான்லேருந்து சாமான் வருதுன்னு ஹெங் சொல்லியிருக்கான். ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிக் கேட்டுடறேன். அப்புறம் வெட்டட்டும், குத்தட்டும்."

அம்மா: "அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

நீங்கள்: "ஆகாது."

அம்மா: "ஓ, நீங்கதான் இப்ப டாக்டரா? தபால் ஆபீசுல எப்ப குடுத்தாங்க அந்த வேலைய?"

நீங்கள் சிரித்தீர்கள். அம்மா சிரிக்கவில்லை. பாத்திரத் தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டு ஒன்று சொன்னார். அது உங்களுக்குக் கேட்டிருக்காது. எழுதலாமா வேண்டாமா என்று நேற்று முழுவதும் யோசித்தேன். தன் பெயரையே யாரோ மூன்றாம் ஆள் பெயர் மாதிரி வைத்து அம்மா சொன்னது இது: "காது போறதுக்குள்ள கார் சத்தத்தக் கேக்கணுமாம். ஹஸ்னாவோட குரலக் கேக்கணும்னு ஒரு நாளாவது தோணுச்சா இந்த மனுஷனுக்கு?"

தேதியைப் பழையபடி ஜூலைக்கே மாற்றிவிடுங்கள் அப்பா. நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

மர்தியா


மூவார்
24 ஜூன்

அன்பு மகளுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உடம்பு அப்படியேதான் இருக்கிறது. நீ அனுப்பிய கடிதத்தை ஒரு வாரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம் காட்டவில்லை. நீ அதை எழுதியதற்குக் கோபமும் இல்லை.

நான் ஏன் காத்திருக்கிறேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். இருபத்தோரு வருஷம் அந்த இன்ஜின் என்ன சொன்னாலும் எனக்குப் புரிந்தது. எண்ணெய் குறைந்தால், பெல்ட் தளர்ந்தால், மழை வரப்போகிறது என்றால்கூட. அன்றைக்குப் பைபாஸில் அது கத்திக் கத்தி உயிரை விட்டிருக்கிறது. பின்னால் வந்த ஹெங்குக்குக் கேட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்கவில்லை. கால் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். வண்டி ஏன் இன்னும் குரலே கொடுக்கவில்லை என்று அலுத்துக்கொண்டேன்.

அது ஒழுங்காக ஓடுவதை ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும். ஹெங் ஜூலை கடைசி என்கிறான்.

அப்பா


பெண்கள் விடுதி
29 ஜூன்

அன்புள்ள அப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம் விசாரிக்கவும் எனக்கு இன்று வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் என் கையெழுத்தை நானே மீறிவிட்டேன். ஒரு விஷயத்தை உங்களிடமிருந்து மூன்று வாரமாக மறைத்திருக்கிறேன்.

விடுமுறையில் ஒரு சனிக்கிழமை அம்மா கொடுத்த ஒத்தக்-ஒத்தக் மீன் பலகாரத்தை எடுத்துக்கொண்டு அங்கிள் ஹெங்கின் பட்டறைக்குப் போனேன். பச்சையின் இன்ஜினைத் தனியாக இறக்கி, ஒரு சாக்கால் மூடி வைத்திருந்தார். சாக்கை விலக்கிக் காட்டினார். என் கை முஷ்டி உள்ளே போகிற அளவு ஓட்டை.

"இது இனிமே ஓடாது பாப்பா" என்றார்.

"ஜப்பான்லேருந்து சாமான் வருதுன்னு சொன்னீங்களாமே, அங்கிள்?"

"எதுவும் வரல. ஆர்டரே போடல."

"பின்ன ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அவன் தினமும் சாயந்திரம் வந்து அந்த ஸ்டூல்ல உக்காந்துட்டு, 'எப்ப லா?'ன்னு கேக்கறான். நீ இருந்தா என்ன சொல்லுவ? நீயே சொல்லிப் பாரு."

வேறு இன்ஜின் வைக்கக் கூடாதா என்றும் கேட்டேன். "வெக்கலாம். அது வேற சத்தம். நாய் மாத்திக் குடுத்தா குழந்தை ஏமாறும், உங்கப்பன் ஏமாறமாட்டான்" என்றார். அப்புறம் முகத்தைத் துடைக்கிறேன் என்று முகம் முழுக்கக் கிரீஸைப் பூசிக்கொண்டார்.

நீங்கள் காத்திருப்பது வராது, அப்பா. பச்சை ஓடாது. அங்கிளைத் திட்டாதீர்கள். என்னைத் திட்டுங்கள்.

மர்தியா


மூவார்
9 ஜூலை

மர்தியாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். ஜூலை 22 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரியில். அம்மாவும் வருவாள்.

ஹெங்கைத் திட்டவில்லை. பட்டறைக்குப் போய் சாக்கை நானே விலக்கிப் பார்த்தேன். இருவரும் கோப்பி குடித்தோம்.

இப்போதெல்லாம் மாலையில் அம்மா எனக்குப் பத்திரிகை படித்துக் காட்டுகிறாள். கண் நன்றாக இருக்கும்போது எதற்கு என்று கேட்டாள். "நீ படி, நான் கேக்கறேன்" என்று வலது காதைக் கொடுத்தேன். மரண அறிவித்தல், மீன் விலை, நேற்று ராசிபலன்கூடப் படித்தாள்.

உன் விவாதம் 19ஆம் தேதி என்று எழுதியிருந்தாய். வருகிறேன்.

அப்பா


ஜொகூர் பாரு, ஆஸ்பத்திரி
21 ஜூலை

அன்பு மகளுக்கு,

ஸலாம். நேற்றே சேர்த்துவிட்டார்கள். தலையில் பாதியைச் சிரைத்துவிட்டார்கள். அம்மா பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, மத்த பாதியையும் எடுத்துடச் சொல்லட்டுமா?" என்றாள்.

சனிக்கிழமை உன் பள்ளி வாசலில் நீ அழுதுகொண்டே போனதால் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. மேடைக்கு இடது ஓரத்தில், மூன்றாவது வரிசையில் இடம் பிடித்தேன். வலது காதுக்கு அதுதான் தோது, ஒலிபெருக்கியும் அந்தப் பக்கம்தான். நீ பேசியது எல்லாம் எனக்குக் கேட்டது. பழகிப்போனால் மனிதக் காது எதையும் விட்டுவிடும், ஒரு வருடத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று நீ சொன்னபோது மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன். எதிர் அணிப் பெண்ணும் பாவம், நன்றாகத்தான் பேசினாள். நீங்கள் ஜெயித்தது சரி.

ஒரு குறை. நான்காவது நிமிடத்தில் உன் குரல் ஏறிக்கொண்டே போனது, நீ மூச்சு விடவே இல்லை. அடுத்த கியருக்குப் போ என்று எழுந்து நின்று கத்தலாமா என்று நினைத்தேன். அந்த இடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கலாம்.

வீட்டுக்குப் போகும் வழியில் சம்ரி அவன் வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன் என்றான். வேண்டாம் என்று பேருந்தில் வந்தோம். அம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

நாளைக் காலை எட்டு மணிக்கு. துஆ செய்.

அப்பா


ஜொகூர் பாரு
3 ஆகஸ்ட்

அன்புள்ள அங்கிள் ஹெங்குக்கு,

வணக்கம். உங்கள் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதை அப்பாவுக்கு எழுத முடியாததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் அம்மாவிடம் மூன்று தடவை சொன்னார். முகத்தில் வலது பக்கம் கொஞ்சம் தொங்குகிறது, போகப்போகச் சரியாகலாம். காது கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. கண் விழித்ததும் அப்பா விரலைச் சொடுக்கிப் பார்த்தாராம். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு விரலைச் சொடுக்கச் சொன்னாராம்.

பள்ளியில் இரண்டு நாள் விடுப்புக் கொடுத்தார்கள். பார்வையாளர் நேரம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை. நான் நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும், அப்பா படித்துவிட்டு வாயால் பதில் சொல்வார். தன் குரல் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரிவதில்லை. நேற்று, "அந்தத் தாதி மூஞ்சியப் பாரு, உங்க ரொஹானா டீச்சர் மாதிரியே இல்ல?" என்று கேட்டார். பதினாறு கட்டிலும் திரும்பிப் பார்த்தன. அம்மா தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா, "என்ன? என்ன லா?" என்றார். அந்தத் தாதியும் சிரித்துவிட்டார். நேற்று நல்ல நாள்.

இன்று அம்மா தொழுகைக்குப் போயிருந்தபோது அப்பா ஜன்னல் வழியாகக் கீழே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிகள் வருவதும் போவதுமாக இருந்தன. வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டார்: "மர்தி, மேடையில சொன்னியே, ஒரு வருஷத்துல மறந்துடுவாங்கன்னு. அது நெசமா?"

மணி இரண்டாக ஏழு நிமிடம். நான் நோட்டை எடுத்தேன். நெசம் என்று ஒரே சொல்லில் எழுதியிருக்கலாம், அங்கிள். அவருக்கு அதுதான் வேண்டியிருந்ததோ என்னவோ. எனக்கு அப்படி எழுத வரவில்லை.

அப்பா, அது உண்மையில்லை, அதில் ஒரு சொல்லைக்கூட நான் நம்பவில்லை என்று ஆரம்பித்தேன். போன வருடம் விடுதியில் வெள்ளிக்கிழமைகளில் பெற்றோர் வரும்போது, வாசலில் நாற்பது கார்கள் வரும். காவலாளி பெயரைக் கூப்பிடும்வரை மற்றப் பெண்கள் அறையில் உட்கார்ந்திருப்பார்கள். நான் மட்டும் பச்சை மேட்டில் ஏறும் சத்தம் கேட்டதுமே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். உனக்கு எப்படித் தெரியும் என்று சுஹாதா கேட்பாள். எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, எங்கள் காரை மட்டும் தெரியும் என்பேன். இந்த வருடம் காவலாளி கூப்பிடும்வரை நானும் உட்கார்ந்திருக்கிறேன். இதையெல்லாம் எழுதினேன். விவாதம் நடந்த சனிக்கிழமை நீங்கள் மண்டபத்தில் உட்கார்ந்து கேட்கப்போகிறீர்கள் என்று தெரிந்தும் அந்தப் பேச்சை நான் மாற்றவில்லை, ஜெயிக்க ஆசைப்பட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று எழுதத் தொடங்கினேன்.

அப்பா கையை நீட்டிக்கொண்டே இருந்தார். "போதும், குடு, படிக்கிறேன்" என்றார். ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினேன்.

தாதி வந்து நேரமாகிவிட்டது என்றார். மதியம் நோயாளிகள் தூங்க வேண்டுமென்று ஒவ்வொரு ஜன்னலாகக் கனத்த திரைகளை இழுத்து மூடிக்கொண்டு வந்தார். நோட்டை அப்பாவிடம் கொடுத்தேன். அந்த அரையிருட்டில் அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார், தள்ளிப் பிடித்தார், மூடிய திரையின் பக்கம் சாய்த்துப் பார்த்தார். "என்ன எழுதியிருக்க? சொல்லேன்" என்றார். நான் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் விளக்குகளையும் அணைத்துவிட்டார்கள்.

மர்தியா